எண்ணெய் இயந்திரத்தின் வடிகட்டியைப் பத்திரமாக மாற்றும் முறை

காரைக்கால் பிராந்தியம் காவிரிப் பாசனத்தின் கடைமடையாகும். மேட்டூர் அணையில் திறந்துவிடப்படும் நீர் அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு ஆகியவற்றின் வழியே இங்கு வந்து சேரச் சில தினங்கள் செல்லும். நீர் தாமதிக்குங்கால் இறைக்கவும், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா வயல் மூழ்குங்கால் வடிக்கவும் டீசல் இயந்திரமே பலருக்குத் துணை. அவ்வேளையில் இயந்திரம் நின்றுவிடின் பயிருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று. இயந்திரம் நிற்பதற்குப் பல சமயங்களில் காரணமாவது அடைபட்ட எண்ணெய் வடிகட்டியே.

டீசலை அழுத்திச் செலுத்தும் பம்பின் உள்ளுறுப்புகளுக்கிடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு செய்தால் அவற்றுள் சில பங்குகளே. கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அதனைத் தேய்த்துவிடும். கடற்கரையின் ஈரக்காற்று, பாதி காலியான தொட்டியினுள் இரவில் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. நீர் டீசலினும் கனமானதாகையால் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். ஆதலால் மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தலும், காலையில் வடிகட்டியின் அடித்திருகைச் சிறிது தளர்த்தி நீரை வெளியேற்றுதலும் நல்ல வழக்கங்களாம்.

இயந்திரத்தின் வலு குறைதல், விட்டுவிட்டு ஓடுதல், கிளம்பத் தாமதித்தல் ஆகியவை வடிகட்டி அடைபட்டதன் அறிகுறிகள். எனினும் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், இயந்திரத்துடன் வந்த கையேட்டில் குறித்த மணிக்கணக்குப்படி மாற்றுதலே உசிதம்.

வேலையைத் திறந்தவெளியில், சமதரையில் செய்ய வேண்டும். டிராக்டராயின் கைத்தடையிட்டுச் சாவியை எடுத்துவிட வேண்டும். இயந்திரம் நன்றாக ஆறியபின் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருத்தலாகாது. ஒரு வாளி உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் நெருப்பின்மீது நீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும்.

முதலில் தொட்டியின் குழாயை மூடி, வடிகட்டியின் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும்; இல்லையேல் வெளி மண் உள்ளே விழும். கீழே உலோகப் பாத்திரம் வைத்து, அடித்திருகைத் திறந்து எண்ணெயை வடித்து, பழைய வடிகட்டியைக் கழற்றுக. தாள் வடிகட்டியைக் கழுவி மறுபடி உபயோகித்தல் தவறு. புதிய இரப்பர் வளையத்தில் சுத்தமான டீசல் தடவிப் பொருத்தி, அளவோடு முறுக்க வேண்டும். மிகையாக முறுக்கின் வளையம் நசுங்கி ஒழுகும்.

அடுத்தது காற்றை வெளியேற்றுதல். மெக்கானிக்குகள் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். தொட்டிக் குழாயைத் திறந்து, வடிகட்டியின் மேல்திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துக. குமிழியின்றி எண்ணெய் சீராக வந்ததும் திருகை மூடி, பிறகு பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்க. சிந்தியதைத் துடைத்து, பாட்டரிக் கம்பியை மாட்டி, இயந்திரத்தைக் கிளப்பி ஒழுக்கு உண்டா என நோக்குக.

ஒன்றில் மிக்க ஜாக்கிரதை தேவை. இயந்திரம் ஓடுகையில் உயரழுத்தக் குழாய்களைத் தளர்த்துதலோ, ஒழுக்கைக் கையால் தடவிப் பார்த்தலோ கூடாது. ஊசிபோற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் அற்பமாகத் தோன்றினும் உடனே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். 'காமன் ரெயில்' அமைப்புள்ள புதிய டிராக்டர்களில் கையேட்டின் முறையையே பின்பற்றுக.

பெட்ரோல் காரின் நிலை வேறு. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். குழாயில் அழுத்தமும் நிற்கும். பல கார்களில் வடிகட்டி தொட்டிக்குள்ளேயே அமைந்துள்ளது. அதனைப் பணிமனையில் ஒப்படைத்தலே நலம்.

கழிவெண்ணெயை வாய்க்காலில் ஊற்றலாகாது. அது கீழ்மடைக்காரரின் வயலையும் குளத்தையும் கெடுக்கும். மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கலாம். கிராம அதிகாரிகளும் இதனை உழவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. மழைக்கு முன்னரே ஒரு புதிய வடிகட்டியை வீட்டில் வாங்கி வைத்திருப்பவர், வயல் மூழ்கும் இரவில் கடை தேடி அலையார்.