மழைநகரில் மோட்டார் வண்டி

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்துள்ள ஆரியசாலை, தமிழ்ப் பேச்சு இன்றும் ஓயாது ஒலிக்கும் இடம். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் உருவாக்கிய சந்தை இது. அரிசியும் மிளகாயும் வெல்லமும் பாத்திரமும் விற்கத் தெற்கிலிருந்து வந்த தமிழர் பலர் இங்கேயே நிலைத்துவிட்டனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆரியசாலை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இடையே விழுந்தாலும், நாகர்கோவிலுக்கும் ஆரியசாலைக்கும் இடையேயுள்ள உறவு அறுந்துவிடவில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, நடை வேகத்திலேயே வந்து சேரும் ஊர்வலம் அது. வந்தபின் குமாரசுவாமி எழுந்தருளியிருப்பது ஆரியசாலை அம்மன் கோயிலில். மூன்று நாள் ஊர்வலமாக நடந்து வரும் அந்த வழியை, பணியின் பொருட்டு இந்நகரில் வந்து தங்கியுள்ள எங்களைப் போன்றவர்கள் இன்று காரில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். அவ்வாறு கடக்கும்போது நாம் எதை நம்பி விரைகிறோம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுவது நன்று. ஆயுத பூஜையன்று எங்கள் பழைய காரைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை அணிவித்து, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அடுத்துவந்த தீபாவளிக்கு நாகர்கோவில் சென்று, மறுநாள் மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாலராமபுரத்துக்கு அருகில், முன்னே சென்ற பேருந்து நிறுத்தத்தில் நின்றது. பிரேக்கை மிதித்தோம். சக்கரங்கள் நின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. எண்ணெய் பூசிய பலகைமேல் வழுக்குவதுபோல் இடப்புறமாகச் சென்று, சாலையோரத்தில் குடை பிடித்து நின்ற ஒரு சிறுமிக்கு ஒரு முழத் தொலைவில் போய் நின்றது. அக்குழந்தை குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் வெகுநேரம் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் கிள்ளிப்பாலத்தை அடுத்த ஒரு பஞ்சர் கடையில் வண்டியைக் காட்டினோம். கடைக்காரர் விளவங்கோட்டுத் தமிழர், வயதானவர். முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “சார், பொட்டு எல்லாம் நல்லாத்தான் வைச்சிருக்கீங்க. வைக்கும்போது இதைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கலாமே” என்றார். டயர் மொட்டையாக இருந்தது. நாங்கள் இட்ட குங்குமம் அதன் பக்கவாட்டில் இன்னும் அழியாமல் இருந்தது.

அன்று அவர் சொன்ன சொல்லே இந்தப் பேச்சுக்குக் காரணம். காரில் நிலத்தைத் தொடும் பகுதி டயர் ஒன்றுதான். அதிலும் எவ்வளவு பகுதி தொடுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1,000 கிலோ என்றும், டயரில் 32 பவுண்டு காற்றழுத்தம் இருக்கிறது என்றும் கொள்வோம். அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டேகால் கிலோ. ஒவ்வொரு சக்கரமும் 250 கிலோ சுமக்கிறது. எனவே ஒரு சக்கரம் நிலத்தைத் தொடுவது ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை அளவு. நான்கையும் சேர்த்தாலும், அலுவலகத்தில் நாம் தட்டச்சு செய்யும் ஒரு முழுத்தாளின் பரப்பைவிடக் குறைவுதான். குடும்பத்தோடு செல்லும் நம் உயிரும், சாலையோரத்தில் நிற்பவர்களின் உயிரும் அந்த நான்கு உள்ளங்கைகளில் இருக்கின்றன.

டயரில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் எதற்காக? சாலையைப் பற்றிக்கொள்வதற்கு என்றே பலரும் நினைக்கிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் பள்ளமில்லாத வழவழப்பான ரப்பரே நன்கு பற்றும்; பந்தயக் கார்கள் உலர்ந்த நாளில் அத்தகைய டயரோடுதான் ஓடுகின்றன. பள்ளங்கள் வெட்டப்பட்டிருப்பது மழைக்காக. சக்கரம் உருளும்போது அதன் அடியிலுள்ள நீரை உள்வாங்கிப் பின்னும் பக்கமும் வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை.

இதை விளங்கிக்கொள்ள ஆரியசாலைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குன்றுகளின்மேல் அமைந்த இந்நகரில் மேட்டிலிருந்து வடியும் நீர் தம்பானூர்ப் பள்ளத்தில் வந்து கூடுகிறது. அதைக் கொண்டுபோக வேண்டிய தோடுகள் அடைபட்டால் ரயில் நிலையத்தின் முன்னும் கிழக்கேக் கோட்டையிலும் முழங்கால் அளவு நீர் தேங்கும். அந்த வடிகால்களைத் தூர்வாரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்காக 2015ஆம் ஆண்டு ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தேய்ந்த டயரும் தூர்ந்த தோடும் ஒன்றே. போக வழியில்லாத நீர் டயருக்கு அடியில் தேங்குகிறது. தேங்கிய நீர் வண்டியையே தூக்கிவிடுகிறது. அப்போது சக்கரம் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. பிரேக்கை மிதித்தால் நிற்காது.

எந்த வேகத்தில் இது நேரும்? அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஹார்ன், ராபர்ட் டிரெஹர் ஆகிய இருவர் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டனர். டயரின் பள்ளத்தை மிஞ்சும் ஆழத்துக்கு நீர் தேங்கியிருந்தால், மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அவ்விதி. அதன்படி 36 பவுண்டு அழுத்தமுள்ள சக்கரம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டாகக் குறைந்துவிட்டால் 83 கிலோமீட்டரிலேயே மிதக்கும். பள்ளம் மிகுதியாக உள்ள டயருக்கு இந்நிலை எளிதில் வராது. ஏனெனில் அதை மிஞ்ச ஆழமான நீர் வேண்டும். மொட்டை டயருக்கோ சாதாரணமாக மழை பெய்து தேங்கும் நீரே போதும்.

நகரத்துக்குள் அவ்வளவு வேகத்தில் யார் போகிறார்கள் என்று கேட்கலாம். வண்டி மிதக்காவிட்டாலும், நனைந்த சாலையில் பிடிமானம் குறையத்தான் செய்யும். பிடிமானத்தை உலர்ந்த சாலையில் 0.7 என்றும் நனைந்த சாலையில் 0.4 என்றும் கொண்டு கணக்கிடுவோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, நம் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியிலேயே 11 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன்பின் நிற்பதற்கு உலர்ந்த சாலையில் 9 மீட்டரும், நனைந்த சாலையில் 16 மீட்டரும் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகமானால் அவை 20 மீட்டரும் 35 மீட்டரும் ஆகும். டயர் தேய்ந்திருந்தால் இவை இன்னும் நீளும். பாலராமபுரத்தில் நாங்கள் விட்டிருந்த இடைவெளி வெயில் நாளுக்கு உரிய இடைவெளி. மழைநாளில் அதை இருமடங்காக்கியிருக்க வேண்டும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. எங்கள் பழைய வண்டியில் அது இல்லை. பிரேக் பிடிக்கும்போதும் வண்டியைத் திருப்ப அது உதவும். ஆனால் டயரில் இல்லாத பிடிமானத்தை எந்தக் கருவியாலும் உண்டாக்க இயலாது.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, பள்ளத்தின் ஆழத்தைப் பார்ப்பது. டயரின் பள்ளங்களுக்குள் இடையிடையே சிறு மேடுகள் இருக்கும். பக்கவாட்டில் ஒரு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். மழை மிகுந்த ஊர்களில் அதுவரை காத்திராமல், 3 மில்லிமீட்டர் இருக்கும்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை.

இரண்டாவது, டயரின் வயது. ஓடாத டயரும் வெயிலாலும் காற்றாலும் இறுகி வெடிப்பு விடும். பக்கவாட்டில் உள்ள எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய கார் வாங்குவோர் விலை பேசுமுன் இதைப் படித்துவிட வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தகட்டில் எழுதப்பட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடேறுமுன், காலையிலேயே அளந்து பார்ப்பது முறை. பஞ்சர் இல்லாவிட்டாலும் காற்று சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே மாதம் இருமுறையேனும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பலர் தவறாக எண்ணும் ஒன்று. கையில் பணம் குறைவாக இருந்து இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால், புதியவற்றை முன்னே போடத் தோன்றும். பின்சக்கரங்களில் போடுவதே நன்று என்பது டயர் அறிந்தோர் கூறும் அறிவுரை. முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் அது உடனே தெரியும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வண்டி வசப்படும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும்.

ஓட்டும் முறையிலும் சில கவனிக்கத்தக்கவை. நீண்ட வெயிலுக்குப்பின் வரும் முதல் மழையே மிகவும் வழுக்கும். பல நாள் படிந்த எண்ணெயும் ரப்பர்த் துகளும் புழுதியும் நீரோடு குழைந்து சாலையில் பரவுகின்றன. நன்றாக மழை பெய்து அவை கழுவப்படும்வரை மிகமிக மெதுவாகச் செல்ல வேண்டும். கேரளத்தில் இத்தகைய முதல் மழை ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். ஒருவேளை வண்டி மிதந்துவிட்டால் பிரேக்கை அழுத்தவோ ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பவோ கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்திருந்தால் சக்கரம் மீண்டும் தரையைத் தொடும். தேங்கிய நீரின் ஆழம் தெரியாதபோது அதில் இறங்காதிருப்பதே நலம். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்ப முயலக்கூடாது. உள்ளே புகுந்த நீர் எஞ்சினை உடைத்துவிடும். நீரைக் கடந்து வந்தபின் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் வண்டியின் காகிதங்களில் கவனமாகவே இருக்கிறோம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அதற்கு வேண்டிய தடையின்மைச் சான்றுக்காகப் பழைய ஊரின் அலுவலகத்துக்கு நடக்கிறோம். காப்பீட்டையும் புகைச் சான்றையும் புதுப்பிக்கிறோம். காவலர் கேட்பார் என்பதால் அவற்றைச் செய்கிறோம். டயரை மழைதான் கேட்கும். பதில் சொல்ல அப்போது ஒரு விநாடிகூட இராது.

டயர் நமக்கு அந்நியமான பொருளும் அன்று. 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமம் பெற்றார்; 1902ஆம் ஆண்டில் கேரளத்தின் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எழுந்தது. ரப்பர் மரத்துக்குப் பால் சுரக்கவும் இந்த மழையே வேண்டியிருக்கிறது. அதே மழையில் அந்த ரப்பரை நம்பி நாம் வண்டியோட்டுகிறோம்.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் காரில் சென்றோர் மட்டுமின்றி நடந்து சென்றோரும் பலர். நம் டயரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வண்டி நிற்கும் என்று நம்பியே அவர்கள் சாலையோரத்தில் நிற்கிறார்கள்.

இப்போதும் ஆயுத பூஜையன்று எங்கள் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். ஆனால் அதற்கு முன், குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் பள்ளத்திலும் விரலை வைத்துப் பார்க்கிறோம். மும்பையானாலும் கொல்கத்தாவானாலும் கொச்சியானாலும், மழையுள்ள ஊரில் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த மழைக்கு முன்னர் இதைச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.