அரசரின் ஆடையும் சேரியின் புத்தாடையும்

2023 மே 6 அன்று இலண்டனில் மூன்றாம் சார்லஸ் முடிசூடிக்கொண்டார். அரசி கமிலா எந்த மகுடத்தை அணிந்தார், கோகினூர் வைரம் ஏன் அதில் இடம்பெறவில்லை, இளவரசி கேத்தரின் உடுத்திய ஆடையை வடிவமைத்த நிறுவனம் எது என்பன போன்ற செய்திகள் நம் மாணவர்களின் கைப்பேசிகள் வரை வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்துப் பீங்கான் ஆலைகள் அரச திருமணங்களுக்கும் முடிசூட்டு விழாக்களுக்கும் நினைவுக் கோப்பைகள் செய்து விற்பது நெடுங்கால வழக்கம். நாமும் ஒரு பீங்கான் நகரத்தை அடுத்து வாழ்பவர்களே. நாம் பணிபுரியும் மங்களூர், கர்நாடகக் கடற்கரையிலுள்ள பெருநகரம் அன்று; கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விருத்தாசலத்துக்கு அப்பால் உள்ள ஊராட்சி ஒன்றியம். விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மைகளையும் விளக்குகளையும் சுட்டெடுக்கும் மக்களுக்கு இலண்டன் அரண்மனையின் உடையலங்காரம் எவ்வகையில் தொடர்புடையது என்று கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே நம் கருத்து.

அரச குடும்பங்களின்மீது மக்களுக்கு ஏற்படும் ஈர்ப்பு மூன்று பொருள்களைச் சுற்றி அமைகிறது. ஒன்று அவர்களது உடை, மற்றொன்று அவர்களது குணநலன், மூன்றாவது அவர்கள் செய்யும் அறப்பணி. 1987இல் இலண்டன் மருத்துவமனையொன்றில் எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கையை இளவரசி டயானா கையுறையின்றிப் பற்றிக் குலுக்கிய படம் உலகெங்கும் பரவியது. தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தைத் தணிக்க அந்தக் கைகுலுக்கல் உதவியது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒருவர் மற்றொருவரைத் தொடுவது கருணையாகக் கொண்டாடப்படும்போது, தீண்டாமையை அனுபவித்த சமூகம் அதைச் சற்று நின்று நோக்க வேண்டியிருக்கிறது. சேரிக்கு வந்து ஒரு வேளை உணவருந்திப் படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களை நாம் அறிவோம். தொடுவதும் உடனிருந்து உண்பதும் அவர்கள் நமக்கு வழங்கும் கொடையாக அங்கே மாறிவிடுகின்றன. உடை, குணம், கொடை ஆகிய மூன்றையும் நம் நாட்டு மன்னராட்சிகளின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால், இந்த ஈர்ப்புக்கு அடியில் மறைந்திருப்பது புலப்படும்.

உடை ஒரு சட்டமாக இருந்த காலம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் அரசை எடுத்துக்கொள்வோம். அரசப் பிரதிநிதியாக ஆண்ட இராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் ஓர் ஆணை பிறப்பித்தார். கல்வி வரலாற்றில் அந்த ஆணை இன்றும் பெருமையுடன் குறிப்பிடப்படுகிறது. அதே இராணியின் ஆட்சியில்தான், 1829இல், நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியக் கூடாது என்ற பிரகடனமும் வெளிவந்தது. கல்விக் கொடையும் ஆடைத் தடையும் ஒரே அரண்மனையிலிருந்து வந்தவை. அந்த இராணி நல்லவரா, கெட்டவரா என்னும் கேள்வி இவ்விடத்தில் பயனற்றது. யார் எதை உடுத்தலாம் என்று ஆணையிடும் அதிகாரம் ஒரு குடும்பத்தின் கையில் இருந்ததே சிக்கல்.

பல்லாண்டுப் போராட்டங்களுக்கும், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் அழுத்தத்துக்கும் பின்னர், 1859 சூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் புதிய பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். நாடார் பெண்கள் இரவிக்கை அணியலாம், முரட்டுத் துணியால் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களின் பாணியில் மட்டும் அணியக் கூடாது என்றது அது. உடலை மறைக்க இசைவு தந்தபோதும் சமமாகத் தோன்ற இசைவு தரவில்லை. மன்னர் வழங்கும் சலுகையின் இயல்பு இதுதான். கொடுக்கும்போதே எல்லையையும் வரைந்துவிடும்.

புலையர், பறையர் முதலிய மக்களின் நிலை இதனினும் கீழாக இருந்தது. பொதுச் சாலையில் நடப்பதற்கே அவர்களுக்குத் தடை. 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, அந்தச் சாலையிலேயே வண்டியைச் செலுத்தினார். 1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில், அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தங்கள் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்லுமாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்தனர். நாகரிக உடையின் வரலாறு என்று ஒன்றை நம் மாணவர்கள் எழுதுவார்களானால், அரண்மனைப் பட்டாடைகளுக்கு முன்பாக இந்தத் தலைப்பாகையும் அறுந்த மாலைகளும் அதில் இடம்பெற வேண்டும்.

கொடையாளியும் வழக்காளியும்

இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வள்ளலாகப் போற்றப்படுபவர். 1893இல் விவேகானந்தர் சிகாகோ சமய மாநாட்டுக்குச் செல்வதற்கு ஊக்கமளித்தவர்களுள் அவர் முதன்மையானவர்; 1897 சனவரியில் விவேகானந்தர் திரும்பியபோது பாம்பனில் வரவேற்றவரும் அவரே. அதே ஆண்டு மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவரும் பாஸ்கர சேதுபதிதான். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று. கடல் கடந்து சமயப் பெருமையை எடுத்துச்செல்லத் துணைநின்ற கை, உள்ளூரில் கோயில் கதவை அடைத்தது. இதை ஒரு தனிமனிதரின் முரண்பாடாக மட்டும் சுருக்கிவிடலாகாது. கொடைக்குரியவர் யார் என்பதைக் கொடுப்பவரே முடிவுசெய்யும் அமைப்பில் இது இயல்பாக நிகழ்வதே.

இராமநாதபுரம் மாவட்டம் நமக்கு மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1930இல் அங்குள்ள ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கவோ பூச்சூடவோ கூடாது. குடையும் செருப்பும் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கலங்களைப் புழங்கக் கூடாது. மறு ஆண்டு இத்தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. இவற்றை எந்த மன்னரும் பிறப்பிக்கவில்லை. அரண்மனை செலுத்திய ஆடை அதிகாரத்தை ஊரின் ஆதிக்கச் சாதி தன் கையில் எடுத்துக்கொண்டது. அரசகுலத்தின் மினுக்கில் மயங்குவதற்கும் 'ஆண்ட பரம்பரை' என்று சுவரொட்டி ஒட்டுவதற்கும் இடையே உள்ள உறவு இதுவே. ஆண்டவர் என்று தம்மை அழைத்துக்கொள்வோருக்கு ஆளப்பட வேண்டிய ஒருவர் எப்போதும் தேவைப்படுகிறார்.

இம்மயக்கம் நம்மவரிடையேயும் உண்டு. நாமும் ஒரு காலத்தில் அரசாண்டவர்களே என்று நிறுவ முயலும் நண்பர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரி, பறைச்சேரி என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. நம் மாண்புக்குச் சான்று தேடி அரியணையை நோக்கிச் செல்ல வேண்டியதில்லை.

நல்ல மன்னர்கள் இருந்தார்களே?

இருந்தார்கள். கோலாப்பூர் சாகு மகாராஜா 1902 சூலை 26 அன்று தம் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஐம்பது விழுக்காடு இடங்களை ஒதுக்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை வழங்கினார். இவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1917இல் பரோடா அரசுப் பணியில் சேரத் திரும்பிய அம்பேத்கருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடிகளுடன் வந்த ஒரு கூட்டம் மிரட்டி வெளியேற்றியதை அவரே எழுதியிருக்கிறார். மன்னரின் கொடை அவரை நியூயார்க்குக்கு அனுப்பியது. அம்மன்னரின் தலைநகரிலோ அக்கொடையால் ஒரு கதவைத் திறக்க இயலவில்லை.

அறச்செயலுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. கொடை, கொடுப்பவரின் மனத்தைச் சார்ந்தது. அவர் மனம் மாறினாலும் மறைந்தாலும் அது நின்றுபோகும். உரிமை, கொடுக்க மறுப்பவரையும் கட்டுப்படுத்தும். மறுத்தால் வழக்குத் தொடுக்கலாம்.

சட்டம் செய்த மாற்றம்

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கு அடுத்த 18ஆம் பிரிவு, இராணுவ, கல்வித் தகுதிகள் நீங்கலாகப் பட்டங்களை அரசு வழங்குவதைத் தடைசெய்தது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது பொருள் பொதிந்தது. பிறப்பால் ஒருவர் தாழ்ந்தவர் என்பது ஒழிய வேண்டுமெனில், பிறப்பால் ஒருவர் உயர்ந்தவர் என்பதும் ஒழிய வேண்டும். ஆயினும் முன்னாள் மன்னர்களுக்கான மானியம் தொடர்ந்தது. 1970இல் குடியரசுத் தலைவரின் ஆணை வழியாக அவர்களது அங்கீகாரத்தை நீக்கியதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பின்னரே 1971இல் 26ஆம் திருத்தம் மன்னர் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒருங்கே ஒழித்தது.

ஆடை குறித்து நம் சட்டம் பேசும் இடத்தை மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி 3(1) பிரிவில் சேர்க்கப்பட்ட 'இசட்ஏ' என்னும் கூறு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும், அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறிச் செல்வதையும் தடுப்பது குற்றம் என்கிறது. ஆடையைக் களைவதும், மொட்டையடிப்பதும், மீசையை மழிப்பதும் அதே பிரிவின் மற்றொரு கூறின்கீழ் குற்றங்கள். இவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஒரு குடியரசு தன் குடிமக்கள் புத்தாடை அணிவதைச் சட்டமியற்றிப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது என்பதே நம் சமூகத்தைப் பற்றிய பெரிய சாட்சியம்.

இத்தகைய நிகழ்வுகளில் புகார் எழுதும்போது 'வாய்த்தகராறு' என்று சுருக்கிவிட இடந்தரலாகாது. உடுத்தியிருந்த உடை, நிகழ்ந்த பொது இடம், தடுத்தவர் பேசிய சொற்கள், உடனிருந்த சாட்சிகள் ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன்பு பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு கூறுகிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. புலனாய்வு செய்பவர் காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும்.

கையேந்தலும் கோருதலும்

மன்னராட்சி போய்விட்டது, கொடுக்கும் பாணி போகவில்லை. வன்கொடுமையால் பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணம் அச்சட்டத்தின் விதிகளில் வரையறுக்கப்பட்ட தொகை. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை அரசின் கடமை. இவற்றை மேடையில் ஒருவர் கையிலிருந்து வாங்கிக் கும்பிட்டுப் படமெடுத்துக்கொள்ளும்போது, உரிமை மீண்டும் கொடையாகிறது. உதவித்தொகை தாமதமாகும்போது 'கிடைத்தவரை நல்லது' என்று நம் மாணவர்கள் அமைதியாவதும் இப்பழக்கத்தின் விளைவே. அதில் 'உதவி' என்னும் சொல் இருப்பதாலேயே அது பிச்சையாகிவிடாது. எழுத்துப்பூர்வமாகக் கேட்கவும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நிலையை அறியவும் நமக்கு வழியுண்டு.

மங்களூர், 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்கு முன்புவரை தனி சட்டமன்றத் தொகுதியாக இருந்தது. 2001இல் தொல். திருமாவளவன் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குச் சென்றது இத்தொகுதியிலிருந்துதான். அத்தேர்தலில் வாக்குச்சாவடி வரிசையில் நின்ற கூலித் தொழிலாளர்கள் எவருடைய கருணைக்கும் காத்திருக்கவில்லை. 2024இல் மைசூர் அரச குடும்பத்து வாரிசு யதுவீர் உடையார் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றார். அவரும் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. கேட்கும் இடத்தில் அரண்மனையையும், தரும் இடத்தில் சேரியையும் நிறுத்தியது வாக்குரிமை.

அழகான உடையை இரசிப்பது தவறன்று. அண்ணல் கோட்டும் சூட்டும் அணிந்தார். அவ்வுடை எவரும் அவருக்கு இரங்கித் தந்ததன்று. அடுத்த முறை ஓர் இளவரசியின் கவுனோ, ஒரு ஜமீன் வாரிசின் அன்னதானமோ கைப்பேசித் திரையில் வரும்போது, நண்பர்களிடையே மூன்று கேள்விகளை எழுப்புவோம். இந்த உடையை உடுத்த அந்த நாட்டில் யார் யாருக்குத் தடை இருந்தது? இந்தக் கொடைக்கான செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது? கொடையாகத் தரப்படும் இப்பொருள் உண்மையில் யாருடைய உரிமை?