காற்றுக்குத் தண்ணீர் பைப் ஆகாது

வீட்டுப் பட்டறைக்கு 2 எச்.பி கம்ப்ரஸர் ஒன்று வாங்கியாயிற்று. பெயின்ட் அடிக்கலாம், டயருக்குக் காற்றுப் பிடிக்கலாம், இடுக்கில் சேர்ந்த மரத்தூளை ஊதித் தள்ளலாம். ஆனால் சத்தம் தாங்கவில்லை. கம்ப்ரஸரை வெளியே சாய்ப்பில் வைத்துவிட்டு, காற்றை மட்டும் பைப்பில் உள்ளே கொண்டுவரலாம் என்று தோன்றும். போர் போட்டபோது மிஞ்சிய பி.வி.சி பைப் மாடியில் கிடக்கிறது. நாலு எல்போ, ஒரு டப்பா சொல்யூஷன் போதும், அரை நாள் வேலை. பைப் மேல் 10 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. கம்ப்ரஸரோ 8 கிலோவிலேயே கட் ஆகிவிடும். அப்புறம் என்ன பயம்?

அந்த 10 கிலோ தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருங்காது. அதனால் தண்ணீர் லைன் வெடித்தால் கொஞ்சம் பீய்ச்சும், அதோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. 7 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட 1 லிட்டர் காற்று வெளியே வரும்போது ஏறக்குறைய 8 லிட்டராக விரியும். அதே அழுத்தத்தில் அதே அளவு தண்ணீரில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு ஆற்றல் அதில் இருக்கிறது. போதாததற்கு, டேங்கில் இருக்கும் காற்று முழுவதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்.

பைப் எப்படி உடைகிறது என்பதும் முக்கியம். இரும்போ செம்போ என்றால் பெரும்பாலும் மூட்டில் கசியும், இல்லையென்றால் ஓரிடத்தில் கிழியும். பி.வி.சி கண்ணாடிபோலச் சில்லு சில்லாகச் சிதறும். அந்தச் சில்லுகளைத் தள்ளிக்கொண்டு வருவது மேலே சொன்ன ஆற்றல். பட்டறையில் பைப் போகும் உயரம் பல இடங்களில் நம் முகத்தின் உயரம்தான். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா, 1988-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை அறிக்கை விட்டது. டெக்ஸாஸ் தொழிற்சாலை ஒன்றில் காற்று ஓடிய பி.வி.சி பைப் வெடித்து ஒரு தொழிலாளி காயப்பட்டதுதான் அதற்குக் காரணம். தரைக்கு மேலே மூடாமல் போகும் காற்று லைனுக்கு பி.வி.சி கூடாது என்பது அதன் சாரம்.

நம் ஊர் வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள். பி.வி.சி பைப்பின் கிலோ கணக்கு 27 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. சூடு ஏற ஏற அதன் தாங்கும் திறன் இறங்கும். 60 டிகிரியில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். சித்திரை மாதத்தில் தகரக் கூரையை ஒட்டிப் போகும் பைப்பைக் கையால் தொட்டுப் பார்த்தாலே நிலைமை புரியும். கம்ப்ரஸர் தலையிலிருந்து வரும் காற்றோ 100 டிகிரியையும் தாண்டும். டேங்கில் ஓரளவு ஆறினாலும், தொடர்ந்து ஓடும்போது லைனின் முதல் சில அடி சூடாகவே இருக்கும். மோட்டார் கட் ஆகி மறுபடி ஓடும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் இறங்கி ஏறுவதால், பைப்பும் ஒட்டின மூட்டும் மெல்ல மெல்லத் தளரும். வெயில் நேரடியாகப் பட்டால் பிளாஸ்டிக் மொரமொரத்துப் போகும்.

“எங்க கடையில பத்து வருஷமா ஓடுதே” என்று சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பத்து வருஷ வெயிலும் அதிர்வும் வாங்கிய பைப் புதுப் பைப்பைவிட ஆபத்தானது. கசிவு, உப்பல் என்று எந்த முன்னறிவிப்பும் தராமல் அது போகும். யு.பி.வி.சி-யும் இதே ரகம்தான். வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி-யையும் காற்றுக்குப் போடாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். காற்றுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பைப்புகளும் உண்டு. எந்த வெப்பத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்று காற்றுக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் அவற்றை வாங்கலாம். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

சரி, எதைப் போடலாம்? ஒரே அறை, ஒரே ஆள் என்றால் பைப்பே வேண்டாம் என்பது என் கருத்து. 20 கிலோ என்று எழுதியிருக்கும் நல்ல ரப்பர் ஏர் ஹோஸ் ஒன்றைச் சுவரில் கொக்கி அடித்துக் கொண்டுபோங்கள், போதும். தோட்டத்து ஹோஸ் மட்டும் வேண்டாம்.

நிலையான லைன்தான் வேண்டும் என்றால் ஜி.ஐ பைப், பி கிளாஸ், முக்கால் இஞ்ச். நீலப் பட்டை போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் மெலிசு. வீட்டுக் கம்ப்ரஸரின் 8 கிலோவெல்லாம் பி கிளாஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. திரெட் போட்டுத் தரும் பிளம்பர் எந்த ஊரிலும் கிடைப்பார். எடை அதிகம், நாளடைவில் உள்ளே துரு பிடிக்கும், அந்தத் துகள் ஸ்பிரே கன்னில் வந்து அடைக்கும். ஆகவே கருவிக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம். செம்புப் பைப்பில் துருத் தொல்லை கிடையாது, ஏ.சி மெக்கானிக்கே பற்றவைத்துக் கொடுப்பார், விலைதான் இடிக்கும். காற்றுக்கென்று வரும் அலுமினியப் பைப் லேசானது, மாட்டுவது சுலபம், ஆனால் அதுவும் மலிவில்லை.

எந்தப் பைப் போட்டாலும் தண்ணீரை மறக்கக்கூடாது. சென்னை போன்ற புழுக்கமான ஊரில், 30 டிகிரியில் 2 எச்.பி கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால், உள்ளே இழுத்த காற்றின் ஈரம் ஒரு டம்ளர் தண்ணீராக இறங்கும். ஒரு பகுதி டேங்கின் அடியில் தங்கும், மீதி சூடான காற்றோடு பைப்புக்குப் போய் அங்கே ஆறித் துளியாகும். வாட்டம் வைப்பது இதற்காகத்தான். 10 அடிக்கு ஒன்றரை இஞ்ச் இறக்கம் கொடுங்கள். கருவிக்கு இறங்கும் கிளையை மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். அடியிலிருந்து எடுத்தால் ஓடிவரும் தண்ணீர் மொத்தமும் கன்னுக்குள் இறங்கி, பெயின்ட் பரப்பு முழுக்கக் குமிழ் குமிழாக எழும்பும். ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஒரு சாண் பைப்பை நீட்டிவிட்டு, ஒரு பால் வால்வு மாட்டுங்கள். வேலை முடிந்ததும் அதைத் திறந்தால் தண்ணீர் வெளியேறிவிடும்.

கம்ப்ரஸருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் இருக்கட்டும். நேராக இரும்பிலேயே பிணைத்தால் மோட்டார் அதிர்வில் திரெட் தளர்ந்துவிடும். டேங்க் வாசலில் ஒரு வால்வு வைத்து, இரவில் அதை மூடிவிடுங்கள்.

லைன் முடிந்ததும் காற்றை ஏற்றிச் சோதிக்க அவசரப்படாதீர்கள். கம்ப்ரஸரையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டு, பிளம்பரிடம் இருக்கும் கை பம்பால் லைனில் தண்ணீர் நிரப்பி 12 கிலோ வரை ஏற்றிப் பாருங்கள். மூட்டில் குறை இருந்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும், யாருக்கும் அடிபடாது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, காற்றை ஏற்றி, மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவுங்கள்.

ஏற்கெனவே பி.வி.சி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால், இப்போதே மோட்டாரை நிறுத்தி, டேங்க் வால்வை மூடி, லைனில் இருக்கும் காற்றைத் திறந்துவிடுங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு பைப்பை அறுத்து எடுங்கள். மேலே துணி சுற்றுவது, மூட்டில் இன்னொரு கோட் சொல்யூஷன் தடவுவது எதுவும் பயன் தராது. ஜி.ஐ வாங்கக் கையில் காசு சேரும்வரை அந்த ரப்பர் ஹோஸ் ஓடட்டும்.