உயர்தரப் பள்ளி மாணாக்கருக்கு விவசாயப் பயிற்சி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாலுகாக்களில் நிலமுடையோர் பலர், பத்தாம் வகுப்புத் தேறிய தம் மக்களை எப்பிரிவில் சேர்ப்பதென்று ஆலோசிக்குங்கால், விவசாயத் தொழிற்பிரிவைக் கடைசியிலேயே நினைக்கின்றனர். படிப்பில் மந்தமானவர்க்கே அஃது உரியதென்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணத்தால் நஷ்டமடைவது அவர்களுடைய நிலமேயாம்.

நம் மாகாணத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் வைக்கப்பட்டது. அதில் விவசாயமும் ஒரு பாடம். ஏட்டுப் பாடமும் செய்முறையும் சேர்ந்தது. இதில் தேறியோர் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஆகவே இது மேற்படிப்பின் வழியை அடைப்பதன்று.

இப்பயிற்சியால் வீட்டுக்கு வரும் பிரயோஜனத்துக்கு இரண்டு திருஷ்டாந்தங்கள் கூறுவோம்.

முதலாவது, மண் பரீட்சை. வரப்போரத்திலும் மரநிழலிலும் எருக்குவித்த இடத்திலும் மண்ணெடுத்து அனுப்பினால், வரும் சிபார்சும் பிழைபடும், உரச்செலவும் வீணாகும். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர், பருத்திக்கு 22.5 சென்டிமீட்டர் ஆழத்தில், பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காய்ப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்புதல் வேண்டும்.

இரண்டாவது, விதைத் தேர்வு. நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்த்தால், நெல்லில் 80-க்கும் பருத்தியில் 65-க்கும் குறைவாக முளைப்பது சான்று விதையின் தரத்தை எட்டாதது. நெல் விதையை, பத்து லிட்டர் ஜலத்துக்கு ஒன்றரைக் கிலோ உப்பு வீதம் கரைத்த நீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை நன்னீரில் இருமுறை அலசி விதைக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைகள் இவற்றைத் தாமே செய்ய வல்லவர்.

ஆனால் நிலமின்றி இப்படிப்பு நீச்சலை ஏட்டில் கற்பதற்கே ஒப்பாகும். எனவே நிலமுடையோர், பள்ளிக்கு அணித்தான பாசன நிலத்தில் ஐந்து சென்டாவது ஒரு போகத்துக்கு மாணாக்கர் வசம் விடுவாராக. எஸ்.வி.பி.ஆர். பருத்தி ரகங்களை அளித்த ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உளது. அதனைக் காண மாணாக்கரை அழைத்துச் செல்லத் தலைமையாசிரியர்கள் ஏற்பாடு செய்தல் நன்று. கிராம அதிகாரிகள், இப்பிரிவு நடைபெறும் பள்ளி எதுவென விசாரித்து, கோடை விடுமுறைக்கு முன்பே பெற்றோர்க்கு அறிவிப்பாராக. சேர்வோர் குறைந்தால் பிரிவு நிலைப்பதரிது. ஒருமுறை நின்றதை மீளத் தொடங்குவது அதனினும் அரிது.