வீட்டு நாய்களும் விருந்தாளிக் குட்டியும்

அடைமழைக் காலத்தில் குப்பைத் தொட்டியின் ஓரம் கிடந்து முனகும் நாய்க்குட்டியைக் கண்டு மனம் இளகாதவர் சிலரே. ஆயினும், அக்குட்டியை அங்கே கொண்டுவந்து போட்டவரும் நம்மவரே என்பதை மறப்பதற்கில்லை. பெட்டைக் குட்டியாயின் கேட்கவே வேண்டாம். நமது ராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் தபால் தலை வெளியிட்டுப் பெருமைப்பட்டோம். அயல்நாட்டு ஜாதி நாய்க்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும் கனவான்களோ, தம் வீட்டு வாசலில் பிறந்த நாட்டுக் குட்டியைக் குனிந்தும் பாரார்.

1959-இல் காப்டன் வி. சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூகிராஸ் போன்ற ஸ்தாபனங்கள் இந்த அநாதைகளுக்குப் புகலிடம் அளித்து வருகின்றன. எனினும், பல குட்டிகள் சேருமிடத்தில் நோயும் சேருவது இயல்பு. ஆகையால், நிரந்தரமாக ஏற்பவர் கிடைக்கும் வரையில் சில வாரங்கள் தம் இல்லத்தில் வைத்து வளர்த்துக் கொடுக்கும் குடும்பங்கள் மிகவும் தேவைப்படுகின்றன. இத்தொண்டுக்கு முன்வருவோரில் ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்கள் மிகப் பலர். குட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, நேரே கூடத்தில் இறக்கிவிட்டு, "பாரடா, உனக்குத் தம்பி வந்திருக்கிறான்!" என்று கிழநாய்க்கு அறிமுகம் செய்து வைக்கும் அன்பர்கள் இவர்களிலே உண்டு. அந்த அன்பைத்தான் சற்றுத் தடுத்து நிறுத்த விரும்புகிறோம்.

1978-ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவிய 'பார்வோ' என்னும் நோய், கண்ணுக்குத் தெரியாமல் குட்டியின் மலத்தோடு வெளிப்படுகிறது. அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். மனிதரின் செருப்பிலும் கையிலும் ஏறிப் பிரயாணம் செய்யும். சாமானியப் பினாயிலுக்கு அது அஞ்சுவதில்லை. தரையைக் கழுவித் துடைத்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி ஊறவிட்டால்தான் அழியும். வாந்தியும் இரத்தபேதியும் கண்ட குட்டிக்கு அன்றே சிகிச்சை கிடைக்காவிடில் பிழைப்பது அரிது. ஆதலால், வந்த குட்டியை இரண்டு வாரம் தனி அறையில் வைத்தல் அவசியம். அதற்கென்று தனிப் பாத்திரம், தனித் துணி, தனிச் செருப்பு. வீட்டு நாய்களைக் கவனித்து முடித்த பின்னரே குட்டியிடம் செல்ல வேண்டும். பெரிய நாய்களுக்குத் தடுப்பூசி பாக்கியிருக்கும் வீட்டில் குட்டியை ஏற்பது, நமது அபிப்பிராயத்தில், தருமம் ஆகாது.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பின்னர் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரையில் தொடர வேண்டும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தின் பலனைத் தடுத்து விடுவதால்தான் இத்தனை முறை. வெறிநோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில். தெருவில் கிடைத்த குட்டியின் பற்கீறலையும், "பால்பல் தானே!" என்று அலட்சியம் செய்யலாகாது, சோப்பு நீரால் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

இங்கேதான் ஒரு தருமசங்கடம். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையில் குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்று ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1965-இல் வெளியான தங்கள் நூலில் விவரித்தனர். பூட்டி வைக்க வேண்டிய வாரங்களும் பழக்க வேண்டிய வாரங்களும் ஒன்றாகவே அமைந்து விடுகின்றன! தனியறையில் இருக்கும் குட்டியிடம் வீட்டார் மாறி மாறிச் சென்று கொஞ்சுவதற்குத் தடையில்லை. மிக்ஸியின் இரைச்சலும் குக்கரின் சீழ்க்கையும் கதவு வழியே அதன் காதில் விழட்டும். பெரிய நாய் படுத்த துணியைக் குட்டிக்குக் கொடுத்தால் வாசனையால் முதல் பரிச்சயம் உண்டாகும். இரண்டு வாரம் நோயின்றிக் கழிந்து, மருத்துவரும் சம்மதித்த பின்னர், தெரு நாய்கள் ஏறாத மொட்டைமாடியில் முகங்காட்டலாம்.

அப்பொழுது கிழநாய் உறுமும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அதன் பாஷையில் "விலகிப் போ" என்னும் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து அடக்கிய நாய் மறுமுறை சொல்லாமலே கடிக்கும். ஊசிப் பற்களால் காதைக் கவ்வும் குட்டிக்கு, எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் குற்றம் என்று உணர்த்துவதில் நிதானமுள்ள பெரிய நாய்க்கு நிகராக மனிதர் எவரும் இல்லை. இந்தப் பாடத்திற்காகவே நாய்கள் உள்ள வீடு குட்டிக்குப் பெரும் பாக்கியம் என்கிறோம். ஆயினும், மூட்டுவலியுள்ள பத்து வயது நாயை நாள் முழுவதும் வாத்தியார் வேலைக்கு நியமிப்பது கொடுமை. குட்டி எட்டாத திண்ணையோ கட்டிலோ அதற்கென்று இருக்க வேண்டும். சோறும் தனித்தனி இடத்திலேயே. வழக்கமான மாலை உலாவும் குறையக் கூடாது.

கடைசியில் குட்டியைக் கொடுத்துவிட வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். "இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டில் அடுத்த குட்டிக்கு இடமில்லை, கிழநாய்க்கும் ஓய்வில்லை. வாங்குபவர் வீட்டுக்கு ஒருமுறை நேரில் சென்று பார்த்து, கருத்தடை செய்விப்பதாக வாக்குப் பெற்று, ஊசி அட்டையையும், உண்டு பழகிய உணவின் விவரத்தையும், அது படுத்துறங்கிய துணியையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள். துணியைத் துவைக்க வேண்டாம். புது வீட்டின் முதல் இரவில் குட்டி அதன்மேல்தான் உறங்கும்.