பித்தப்பை அகற்றிய பின்னர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாத்தளை நகருக்கு வடக்கே ஏ-9 வீதியில் உள்ள அலுவிகாரை, வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலைச் சுவடிகளில் எழுதப்பட்ட தலமாகும். நினைவை மட்டும் நம்பியிருக்க இயலாதென அன்றைய பிக்குகள் உணர்ந்தனர். ஆனால் அப்பகுதித் தோட்டங்களிலிருந்து பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்குச் செல்லும் நம்மவர்கள், வீடு திரும்புகையில் பெறும் அறிவுரை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. கையில் தரப்படும் அட்டையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது.

1882இல் பேர்ளினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1985இல் எரிக் மூஹே அதனைச் சிறுதுளை வழியாகச் செய்துகாட்டினார். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் நோயாளி பல நாட்கள் விடுதியில் தாதியரின் கண்காணிப்பில் இருந்தார். இன்று ஓரிரு நாட்களில் வீடு செல்கிறார். கண்காணிக்கும் பொறுப்பும் அவரோடு வீட்டுக்குச் செல்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பித்தநீரைச் சுரப்பது ஈரலே. பித்தப்பை அதனைச் சேமித்துச் செறிவாக்கும் பை மாத்திரமே. அப்பை இல்லாதபோது பித்தநீர் இடையறாது குடலுக்குள் வடிவதால் சிலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும். பெரும்பாலானோருக்கு இது சில வாரங்களில் தணியும். நீடித்தால் பித்த அமிலத்தைப் பிணைக்கும் மருந்து உண்டு. தேங்காய்ப்பால் கறியையும் பொரித்த உணவையும் ஆரம்பத்தில் குறைத்து, பின்னர் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நன்று. தோள்மூட்டு வலி கண்டு பலர் மாரடைப்போ என அஞ்சுவர். வயிற்றை விரிப்பதற்குச் செலுத்திய காபனீரொட்சைட்டு உதரவிதானத்தை உறுத்துவதால் எழும் இவ்வலி ஓரிரு நாட்களில் மறையும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் மட்டும் தாமதிக்கலாகாது.

நாம் அஞ்சவேண்டியவை வேறு. காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்து மலம் வெளிறுதல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி ஆகியன பித்தநீர்க் கசிவையோ, குழாயில் தங்கிய கல்லையோ, அரிதாகக் குழாய்க் காயத்தையோ உணர்த்தக்கூடும். இதனை 'கெஸ்ரிக்' எனக் கருதிப் பாமசியில் வில்லை வாங்கி நாட்கடத்துவோர் இருக்கின்றனர். அவ்வாறின்றி, சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலைக்கே உடன் செல்லவேண்டும். வாகன வசதியற்ற லயன்வாசிகள் 1990 இலவச அம்புலன்சை அழைக்கலாம்.

இவ்வறிகுறிகளை அட்டையின் பின்புறம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்பதைச் சுகாதார அமைச்சுக்கு நினைவூட்டுகிறோம். நோயாளர்களும் அந்த அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். குழாயில் தங்கிய கல் ஆண்டுகள் கழிந்தும் தொல்லை தரக்கூடும், அப்போது வைத்தியர் முதலில் கேட்பது அதனையே.