கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங்

உயரமொன்றே கூடைப்பந்திற்குப் போதுமென நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-இல் உழவர் குடியிற் பிறந்த சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குலம் வளர்ந்தவர். 2010-இல், பதினான்காம் பிராயத்தில், ஆங்கிலம் அறியாத நிலையிலேயே அமெரிக்காவின் புளோரிடாவிற்குப் பயிற்சி பெறச் சென்றார். 2015-இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் குழுவினர் அவரை 52-ஆவது தேர்வாக எடுத்தனர். இந்தியாவிற் பிறந்தோருள் என்.பி.ஏ. சங்கத்தார் தேர்வில் இடம்பெற்ற முதல்வர் அவரே என யாமும் களித்தோம்.

ஆயினும் அச்சங்கத்தின் பருவப் போட்டியில் அவர் ஒருநாளேனும் களமிறங்கவில்லை. அவ்வாண்டுகளில் அவ்வாட்டம், கூடையடியில் நிற்கும் நெடியோரை விடுத்து, தொலைவினின்று எறியும் விரைவினரை நாடலாயிற்று. கீழ்நிலைக் குழுவிலேயே இருபருவங்கள் கழிந்தன. பதறிச் சூடேற்றிய பாண்டம் விரிசலுறும் என்பதை நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் அறிவர். ஒரு நாட்டின் ஆவல் முழுவதையும் ஓர் இளைஞர்மேல் ஏற்றிய நாம் அதனை நினைத்திலோம். 2019-இல் நிகழ்ந்த சோதனையில் விலக்கப்பட்ட மருந்து காணப்பட, இரண்டாண்டுத் தடை விதிக்கப்பெற்றது. 2022-இல் அமெரிக்க மற்போர் அரங்கிற் புகுந்தார்.